பாட்டு ஓடுச்சு... வண்டி ஓடல!

ராத்திரி ரெண்டு மணி. கொல்லிமலை. அறப்பளீஸ்வரர் கோயில் போற ரோட்டுல ஒரு ஓரமா எங்க ஆம்னி நிக்குது. வெளிய பனி, உள்ள அஞ்சு பேர். நாலு பேர் குறட்டை. ஒருத்தன் மட்டும் எழுந்து உட்கார்ந்து, ரெண்டு கையையும் முட்டியில ஊன்றி மூச்சு வாங்கிட்டு இருந்தான். "இன்ஹேலர் எங்கடா?"ன்னேன். காலி டப்பாவை ஆட்டிக் காட்டினான். "ஒண்ணு... மில்ல... டா..."ன்னு சொல்லி முடிக்கவே மூணு தடவை நிறுத்தினான்.

"சரி, செம்மேடு ஆஸ்பத்திரிக்கு விடு வண்டிய!"

சாவியைத் திருப்பினோம். டிக். மறுபடி திருப்பினோம். டிக். அவ்வளவுதான். செல்ஃப் சுத்தவே இல்ல. டேஷ்போர்டுல சிவப்பு லைட்டுகூட பீடி நெருப்பு மாதிரி மினுக்குனு எரிஞ்சு அணைஞ்சது.

பேட்டரியைக் கொன்னது யாருன்னு யாரும் கேட்கல. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. ஏன்னா சாயங்காலம் நாலு மணியிலிருந்து நடுராத்திரி வரைக்கும் நான்தான் டிஜே. அந்த ஸ்டீரியோவுக்கு ஒயரிங் பண்ணதும் நான்தான். படிக்கிறது எலக்ட்ரானிக்ஸ் வேற. மானம் போச்சு மச்சி!

இது நடந்தது 2017 ஜூலையில, நாங்க மூணாவது வருஷம் படிக்கும்போது. நண்பனோட மாமா சும்மா நிறுத்தி வெச்சிருந்த கார்புரேட்டர் காலத்து ஆம்னி. பின் சீட்டைக் கழட்டிட்டு பிளைவுட் பலகை, மேல இலவம்பஞ்சு மெத்தை, ஜன்னலுக்கு அம்மாவோட பழைய காட்டன் புடவையில ஸ்கிரீன், ஒரு சின்ன அடுப்பு. எங்களுக்கு அது கேம்பர் வேன். வெளிநாட்டுக்காரங்க இதையே பெருசா பண்ணாங்க. ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேன் 1950-ல உற்பத்திக்கு வந்தது. அடுத்த வருஷமே ஜெர்மனியில வெஸ்ட்ஃபாலியா கம்பெனி அதுக்குள்ள கட்டில், மேஜையெல்லாம் வெச்சு மாத்திக் கொடுக்க ஆரம்பிச்சாச்சு. அந்த வேன்ல 1966 வரைக்கும் 6 வோல்ட் பேட்டரிதான். அதை வெச்சுக்கிட்டு அவங்க என்ன பாட்டு கேட்டாங்களோ தெரியாது. நம்ம கையில 12 வோல்ட் இருந்தும் கோட்டை விட்டோம்.

லாரி அண்ணன் வந்தார்

முதல்ல தள்ளிப் பார்த்தோம். ரெண்டாவது கியர், கிளட்சை மிதிச்சு, நாலு பேர் தள்ளி, வேகம் வந்ததும் கிளட்சை 'டப்'னு விடணும். பேட்டரி பாதி செத்திருந்தா இது வேலைக்காகும். முழுசா செத்திருந்தா ஊரே வந்து தள்ளினாலும் ஆகாது. பெட்ரோல் இன்ஜின்ல ஸ்பார்க் வரணும்னா இக்னிஷன் காயிலுக்குக் கரன்ட் வேணும். டைனமோ கரன்ட் தயாரிக்க ஆரம்பிக்கிறதுக்கே பேட்டரியிலிருந்து கொஞ்சம் கடன் வேணும். எங்க பேட்டரி கடன் கொடுக்குற நிலைமையில இல்ல.

108-க்கு அடிக்கலாம்னா யார் போன்லயும் டவர் இல்ல. ஒருத்தன் "நியூட்ரல்ல போட்டு இறக்கத்துல உருட்டிட்டே போயிடலாம்டா"ன்னு ஐடியா கொடுத்தான். ஹேர்பின் வளைவு வளைவா இருக்குற மலையில, இன்ஜின் ஓடாம, கியர் பிடிப்பு இல்லாம, வெறும் பிரேக்கை நம்பி! இன்னொருத்தன் அவனை அடிக்கவே போயிட்டான்.

அப்பத்தான் அன்னாசிப்பழ லோடு ஏத்திக்கிட்டு ஒரு லாரி வந்தது. கையைக் காட்டினோம். டிரைவர் அண்ணன் இறங்கி வந்து முதல்ல வண்டியைப் பார்க்கல, மூச்சு வாங்குறவனைப் பார்த்தார். "பத்து நிமிசம் பார்க்கலாம் தம்பி. உங்க வண்டி எடுக்கலீன்னா இந்தத் தம்பிய நான் ஏத்திட்டுப் போயிடறேன்"னார்.

ஜம்பர் கேபிள் அவர்கிட்டயே இருந்தது. நான் ரொம்ப விவரமா ரெண்டு கிளிப்பையும் எடுத்துட்டு லாரியோட பேட்டரி பெட்டிக்கு ஓடினேன். "ஏய் ஏய், நில்லு தம்பி!"ன்னு ஒரு சத்தம். பெட்டிக்குள்ள ரெண்டு பேட்டரி வரிசையா கோர்த்திருந்தது. அந்த லாரி ஓடுறது 24 வோல்ட்டுல. நான் பாட்டுக்கு ரெண்டு முனையிலயும் மாட்டியிருந்தா எங்க 12 வோல்ட் ஆம்னிக்குள்ள 24 வோல்ட் பாஞ்சு, ஸ்டீரியோ, பல்பு எல்லாம் புகைஞ்சிருக்கும். பேட்டரி வெடிச்சிருந்தாலும் ஆச்சரியமில்ல.

அவர் லாரி இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, பாடியில எர்த் ஆகியிருக்குற ஒரே ஒரு பேட்டரியோட பிளஸ்ல மட்டும் சிவப்பு கிளிப்பை மாட்டினார். அந்த ஒரு பேட்டரி தனியா 12 வோல்ட். சிவப்போட மறுமுனை எங்க பேட்டரி பிளஸ்ல. கறுப்பு ஒரு முனை லாரியோட எர்த்ல. இன்னொரு முனையை எங்க பேட்டரி மைனஸ்ல மாட்டாம, தள்ளி இன்ஜின் இரும்புல கடிக்க வெச்சார். கடைசி கிளிப் மாட்டும்போது நெருப்புப் பொறி பறக்கும். பேட்டரிகிட்ட ஹைட்ரஜன் கேஸ் இருக்கும். ரெண்டும் சந்திக்கக் கூடாது, அதனாலதான் தள்ளி மாட்டுறாங்க.

அஞ்சு நிமிஷம் அப்படியே விட்டுட்டு சாவியைத் திருப்பினோம். இன்ஜின் உறுமினது. அந்தச் சத்தத்துக்கு முன்னாடி நான் அன்னைக்குப் போட்ட எந்தப் பாட்டும் நிக்காது.

செம்மேட்டுல நெபுலைசர் வெச்சு, ஒரு மணி நேரத்துல அவன் முழு வாக்கியம் பேச ஆரம்பிச்சுட்டான். அவன் பேசுன முதல் முழு வாக்கியத்தை இங்க அச்சுல போட முடியாது. என்னைப் பத்தினது.

"மஞ்சளையும் செவப்பையும் முறுக்கினது யாரு?"

இன்ஜினை ஆஃப் பண்ணாம, விடிஞ்சதும் 70 ஹேர்பின் வளைவையும் இறங்கி நாமக்கல் வந்தோம். லாரிக்கும் பாடி கட்டுறதுக்கும் பேர் போன ஊர். ஆட்டோ எலக்ட்ரீஷியன் பட்டறைக்குப் பஞ்சமா என்ன! லாரி அண்ணன் சொன்ன பட்டறை வாசல்ல நின்னோம். எலக்ட்ரீஷியன் அண்ணன் டேஷ்போர்டுக்கு அடியில டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு முதல் கேள்வியா கேட்டதுதான் மேல இருக்குற தலைப்பு.

கார் ஸ்டீரியோ பின்னாடி ஒரு கத்தை ஒயர் வரும் இல்லையா, அதுல மஞ்சள், சிவப்பு ரெண்டுமே பிளஸ்தான். மஞ்சள் எப்பவும் பேட்டரியில இருக்கணும். கடிகாரம், ஸ்டேஷன் ஞாபகத்துக்கு. அது குடிக்கிறது சில மில்லி ஆம்பியர்தான், கண்டுக்க வேண்டாம். சிவப்பு, சாவியோட ஏசிசி பாயின்ட்டிலிருந்து வரணும். 'முழிச்சுக்கோ'ன்னு ஸ்டீரியோவுக்குச் சொல்ற ஒயர் அது. கறுப்பு எர்த். வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதான்னு ஜோடி ஜோடியா வர்றது ஸ்பீக்கர். ஜோடியில கறுப்புக் கோடு போட்டது மைனஸ். நீலத்துல வெள்ளைக் கோடு, ஆம்ப்ளிஃபையரை எழுப்புற ரிமோட் ஒயர்.

நான் என்ன பண்ணேன்? சாவி இல்லாமலும் பாட்டு கேட்கணும்னு மஞ்சளையும் சிவப்பையும் ஒண்ணா முறுக்கி நேரா பேட்டரியில கொடுத்துட்டேன். நம்ம ஊர்ல பாதி வண்டியில இந்த ஷார்ட்கட்தான் இருக்கு. அதோட நிறுத்தியிருந்தாக்கூட பரவாயில்ல. சப்வூஃபருக்குப் போட்ட ஆம்ப்ளிஃபையரோட ரிமோட் ஒயரையும் அதே முடிச்சுல சேர்த்துட்டேன். அதனால ஸ்டீரியோவை ஆஃப் பண்ணாலும் ஆம்ப் ராப்பகலா முழிச்சுக்கிட்டே இருந்திருக்கு. அண்ணன் மீட்டரை வெச்சுக் காட்டினார்: பாட்டே இல்லாம சும்மா நிக்கும்போது ஒரு ஆம்பியர்! தண்ணி வராத குழாய்னு நெனைச்சு மூடாம விட்ட கதை.

"சாவியை ஆன்ல வெச்சுக் கேட்டா என்னண்ணே?"ன்னு கேட்டான் ஒருத்தன். அதுவும் தப்பு. இன்ஜின் ஓடாம சாவியை ஆன்லயே விட்டா, பழைய வண்டியில இக்னிஷன் காயில் சூடாகிப் புகைஞ்சிடும். அதுக்குத்தான் ஏசிசி-ன்னு தனியா ஒரு பாயின்ட்.

கணக்கு பண்ணுங்க மக்களே!

பேட்டரி மேல 35 ஏஹெச்-ன்னு போட்டிருந்தது. அதுக்கு அர்த்தம், 1.75 ஆம்பியர் வீதம் இழுத்தா 20 மணி நேரம் தாங்கும். அதையே மடங்கு மடங்கா இழுத்தா கிடைக்கிற மொத்தமும் 35-க்குக் குறைஞ்சிடும். லெட் ஆசிட் பேட்டரியோட குணம் அது. அவசரப்பட்டுக் கறந்தா பால் குறையுற மாடு.

இப்ப என் டிஜே கச்சேரியை எடுத்துக்கங்க. சப்வூஃபரோட சேர்த்து சராசரியா 4 ஆம்பியர்னு வைங்க. எட்டு மணி நேரம். 32 ஏஹெச் காலி. பேட்டரிக்கு வயசு மூணு; புதுசுல இருந்த 35 அதுகிட்ட இருந்திருக்கவே வாய்ப்பில்ல. நடுராத்திரிக்குக் கொஞ்சம் முன்னாடி பேஸ் கரகரன்னு உடைஞ்சதும், டிஸ்ப்ளே மங்கினதும் ஞாபகம் இருக்கு. "பென் டிரைவ் சரியில்லடா"ன்னு சொல்லி நான்தான் மாத்திப் போட்டேன். பேட்டரி கதறினதை நான் பென் டிரைவ் கோளாறுன்னு நெனைச்சிருக்கேன்.

சுவாரஸ்யமான விஷயம், இன்ஜினை ஸ்டார்ட் பண்ண உண்மையில ரொம்ப கொஞ்சம் கரன்ட்தான் செலவாகுது. 150 ஆம்பியர் இழுக்குற செல்ஃப் மூணு செகண்ட் சுத்தினா 450 ஆம்பியர்-செகண்ட். 3600-ஆல வகுத்தா 0.125 ஏஹெச். அவ்வளவுதான்! ஆனா அந்த 150 ஆம்பியரும் ஒரே மூச்சுல வேணும். வண்டி பேட்டரியைச் செஞ்சிருக்கிறதே அதுக்குத்தான்: மெல்லிசான தகடுகள், நிறைய. நூறு மீட்டர் ஓட்டக்காரன் மாதிரி. அவனைக் கூட்டிட்டுப் போய் எட்டு மணி நேரம் மாரத்தான் ஓட விட்டா, அன்னைக்கு மட்டுமில்ல, திரும்பத் திரும்ப விட்டா நிரந்தரமா படுத்துடுவான். அடிக்கடி முழுசா காலி பண்ணப்பட்ட ஸ்டார்ட்டர் பேட்டரி மறுபடி பழைய நிலைமைக்கு வராது.

அட்டைப்பெட்டியில '50 வாட் x 4'ன்னு போட்டிருப்பாங்களே, அதையும் அண்ணன் உடைச்சார். ஸ்டீரியோ பின்னாடி இருக்குற ஃபியூஸைப் பிடுங்கிக் காட்டினார். 10 ஆம்பியர். இன்ஜின் ஓடும்போது 14.4 வோல்ட்னு வெச்சாலும் உள்ள போறதே 144 வாட். வெளிய 200 வாட் எங்கிருந்து வரும்? அது கண நேர உச்சக் கணக்கு. சப்வூஃபரைக் கழட்டிட்டு பேசுற சத்தத்துல வெச்சு அளந்தப்போ வெறும் 1.2 ஆம்பியர். அதே ஸ்டீரியோ, அதே பாட்டு. பேட்டரியைத் தின்னது பாட்டு இல்ல, சப்வூஃபர்.

ரெண்டாவது பேட்டரி

வேன்ல தூங்கி, பாட்டும் கேட்கணும்னா, உருப்படியான வழி ஒண்ணுதான். இன்ஜினுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணுன்னு ரெண்டு பேட்டரி. நாங்க யூபிஎஸ்-ல போடுற சீல் பண்ண 12 வோல்ட் 42 ஏஹெச் வாங்கினோம். வீட்டு இன்வெர்ட்டர்ல இருக்குற டியூபுலர் பேட்டரியைத் தூக்கிட்டு வரலாமான்னு ஒருத்தன் கேட்டான். அதைத் தூக்கவே ரெண்டு ஆள் வேணும். தவிர தண்ணி ஊத்துற பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும். மூடின வேனுக்குள்ள அதுக்குப் பக்கத்துல படுத்துத் தூங்குறது வேண்டாத விளையாட்டு. சீல் பண்ணதா இருந்தாலும் பெட்டிக்குள்ள வெச்சு, காத்துக்கு வழி விட்டு, பெல்ட் போட்டு இறுக்கணும். சடன் பிரேக் அடிச்சா பத்துப் பன்னிரண்டு கிலோ பேட்டரி தலைக்குப் பாயும்.

ரெண்டு பேட்டரியையும் சும்மா ஒயர் போட்டு இணைச்சா ரெண்டும் சேர்ந்தே சாகும். நடுவுல ஒரு காவல்காரன் வேணும். வோல்டேஜைப் பார்த்து வேலை செய்ற ரிலே கிடைக்குது. இன்ஜின் ஓடி டைனமோ சார்ஜ் ஏத்த ஆரம்பிச்சா வோல்டேஜ் 13.3 பக்கம் போகும். ரிலே ஒட்டிக்கும், ரெண்டாவது பேட்டரிக்கும் சார்ஜ் போகும். இன்ஜின் நின்னு 12.8 பக்கம் இறங்கினதும் ரிலே விட்டுடும். அப்புறம் நீங்க விடிய விடிய பாட்டு கேட்டாலும் இன்ஜின் பேட்டரிக்குக் காது கேட்காது.

ஸ்டீரியோவோட மஞ்சள் ரெண்டாவது பேட்டரிக்குப் போச்சு. சிவப்பும் அங்கேயே, ஆனா ஒரு டாகிள் சுவிட்ச் வழியா. ஆம்ப்போட ரிமோட், ஸ்டீரியோவோட நீல-வெள்ளை ஒயருக்கு. சுவிட்ச் ஆஃப் ஆனா ஸ்டீரியோ தூங்கும், அதோட ஆம்ப்பும் தூங்கும். எவ்வளவு சின்ன விஷயம்! இதைச் செய்யாமத்தான் ஒருத்தனோட மூச்சோட விளையாடியிருக்கேன்.

ஒயர் விஷயத்துல அண்ணன் ஒரு கஞ்சத்தனத்தையும் விடல. முன்னாடியிலிருந்து பின்னாடி வரைக்கும் 5 மீட்டர். எர்த்துக்கும் தனி ஒயர் இழுத்தா போக வர 10 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் ஒயர்ல 10 ஆம்பியர் போனா வழியிலேயே 1.75 வோல்ட் சூடாகிப் போயிடும். 12.5 கிளம்பி, போய்ச் சேர்றது 10.75! 4 சதுர மில்லிமீட்டர் போட்டா இழப்பு அரை வோல்ட்டுக்குள்ள. ஆம்ப்புக்கு 4, ரெண்டு பேட்டரிக்கும் நடுவுல 10 போட்டோம். அந்த 10 ஒயருக்கு ரெண்டு முனையிலயும் பேட்டரியை ஒட்டியே 40 ஆம்பியர் ஃபியூஸ். ஏன் ரெண்டு? ரெண்டு பக்கமும் பேட்டரி இருக்கே. நடுவுல எங்கயாவது ஒயர் உரசி பாடியைத் தொட்டா ரெண்டு பக்கத்திலிருந்தும் நெருப்பு வரும். ஃபியூஸ் காப்பாத்துறது ஸ்டீரியோவை இல்ல தம்பிகளா, ஒயரை. அது ஸ்டீரியோகிட்ட இருந்து பிரயோஜனம் இல்ல, பேட்டரிகிட்ட இருக்கணும்.

வேலை ஆரம்பிக்கும்போது முதல்ல கழட்ட வேண்டியது மைனஸ், கடைசியா மாட்ட வேண்டியதும் மைனஸ். பிளஸ் நட்டைத் திருகும்போது ஸ்பேனர் பாடியில பட்டா என்ன ஆகும்னு பட்டறையில ஒரு ஸ்பேனரைக் காட்டினார். நுனி உருகி, நாய் கடிச்ச மாதிரி இருந்தது. இன்ஜின் ஓடும்போது டெர்மினலைக் கழட்டிப் 'பேட்டரி நல்லாருக்கா'ன்னு பார்க்குற பழக்கம் சிலருக்கு இருக்கு. டைனமோ டயோடுக்கு அதுவே எமன்.

ஆம்னியில கேஸ் கிட் இருந்தா, சிலிண்டர் பக்கம் பேட்டரி, ரிலே எதையும் கொண்டுபோகாதீங்க. துளை போடுறதுக்கு முன்னாடி அடியில குனிஞ்சு பெட்ரோல் பைப் எங்க ஓடுதுன்னு பாருங்க. சொல்லவே கூச்சமா இருக்கு, நாங்க துளை போட்டுட்டுத்தான் குனிஞ்சு பார்த்தோம். ரெண்டு விரல் இடைவெளி.

உய்ய்ய்ங்...

எல்லாம் முடிச்சு, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிப் பாட்டு போட்டா, பின்னாடி ஒரு கொசு பாடுது. ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க கொசுவும் சுருதி ஏத்துது. டைனமோ சத்தம் ஸ்பீக்கருக்குள்ள வர்றது இது. ஸ்டீரியோ எர்த் ஒரு இடத்துல, ஆம்ப் எர்த் வேற இடத்துல, அதுவும் பெயின்ட் மேலயே ஸ்குரூ! உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சுனு தெரியுற வரைக்கும் தேய்ச்சு, ரெண்டு எர்த்தையும் லக் அடிச்சு ஒரே போல்ட்டுல இறுக்கினதும் கொசு செத்துப் போச்சு.

ஸ்பீக்கர் மைனஸை மட்டும் பாடியில எர்த் பண்ணிடாதீங்க. பழைய டேப் ரெக்கார்டர் காலத்துல பண்ணுவாங்க. இப்ப வர்ற ஸ்டீரியோவுல ஸ்பீக்கரோட ரெண்டு ஒயர்லயுமே சிக்னல் இருக்கு. ஒண்ணை எர்த்ல கொடுத்தா உள்ள இருக்குற ஐசி வெந்துடும்.

பேச்சோட பேச்சா அண்ணன் லாரி ரகசியம் ஒண்ணு சொன்னார். 24 வோல்ட் லாரியில 12 வோல்ட் ஸ்டீரியோ போடணும்னா, பல பேர் ரெண்டு பேட்டரியில ஒண்ணுல மட்டும் ஒயரைச் சொருகிடுவாங்களாம். பாட்டு என்னவோ நல்லாத்தான் ஓடும். ஆனா ஒரு பேட்டரி மட்டும் தினமும் காலியாகும். டைனமோ ரெண்டையும் ஒண்ணா நெனைச்சு சார்ஜ் ஏத்தும். பசியோட இருக்குறவனுக்கு அரை வயிறு, சும்மா இருந்தவனுக்கு அஜீரணம். கொஞ்ச நாள்ல ரெண்டும் போயிடும். 24-ஐ 12 ஆக்குற கன்வெர்ட்டர் போட்டா பிரச்னையே இல்ல. "பேட்டரி ஜோடி போயி வர்ற டிரைவருக கிட்டயெல்லாம் மொதல்ல ஸ்டீரியோ எங்க சொருகியிருக்குன்னுதான் கேப்பேன்"னார்.

மீட்டரை நம்பு, காதை நம்பாதே

டேஷ்போர்டுல ஒரு சின்ன வோல்ட் மீட்டர் ஒட்டினோம். விலை ஒரு பிரியாணிக்கும் கம்மி. இதுதான் மொத்த வேலையிலயும் உருப்படியான செலவு. லெட் ஆசிட் பேட்டரி எந்த வேலையும் இல்லாம ஓய்வா இருக்கும்போது 12.6-க்கு மேல காட்டினா வயிறு ஃபுல். 12.2 பக்கம்னா பாதி. 12-க்குக் கீழ போனா பேட்டரியோட ஆயுசைத் தின்னுட்டு இருக்கோம்னு அர்த்தம். பாட்டு ஓடும்போது இதைவிடக் கொஞ்சம் கம்மியா காட்டும், பயப்பட வேண்டாம். ரெண்டு நிமிஷம் நிறுத்திட்டுப் பாருங்க. ஞாபக மறதிக்காரங்களுக்கு, குறிப்பிட்ட வோல்டேஜுக்குக் கீழ போனா தானா துண்டிக்கிற கருவியும் கிடைக்குது.

பாதிக்கு மேல எடுக்கக் கூடாதுன்னா எங்க 42-ல கைச்செலவுக்கு 21. சப்வூஃபரோட 3 ஆம்பியர்னு அடக்கமா கேட்டா 7 மணி நேரம். சப்வூஃபர் இல்லாம 1.2-ல கேட்டா 17 மணி நேரம்! இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துட்டு சப்வூஃபரை ஹாஸ்டல் ரூமுக்கே திருப்பி அனுப்பிட்டோம். மலையில படுத்துக்கிட்டு கேட்க இளையராஜாவுக்கு சப்வூஃபர் தேவையில்லைங்கிறது என் தனிப்பட்ட கருத்து. சண்டைக்கு வர்றவங்க வரலாம்.

எடுத்த 21-ஐத் திருப்பிப் போடுறதும் சும்மா இல்ல. பேட்டரி முக்கால்வாசி நிறையுற வரைக்கும் வேகமா வாங்கும், அப்புறம் சொட்டு சொட்டா குடிக்கும். ரெண்டு மணி நேர டிரைவ்ல முழுசா ஏறிடும்னு நெனைக்காதீங்க. மேல 100 வாட் சோலார் தகடு ஒண்ணு கட்டினா, நல்ல வெயில் நாள்ல 25, 30 ஏஹெச் கிடைக்கும். கொல்லிமலை ஜூலை மாசத்துல அந்தப் பேச்சே கிடையாது.

இன்னைக்கு புதுசா ஆரம்பிக்கிறவங்க லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி பக்கம் போறாங்க. எடை பாதிக்கும் கம்மி, கிட்டத்தட்ட முழுசா பயன்படுத்தலாம். ஆனா அதைச் சாதா ரிலே போட்டு டைனமோவோட இணைச்சுடாதீங்க. அது பசியெடுத்த யானை. டைனமோ தாங்காம சூடேறிப் புகையும். நடுவுல டிசி-டிசி சார்ஜர் வேணும். கடைசி வரை 13 வோல்ட் பக்கமே காட்டிட்டு திடீர்னு விழுற ஆளுங்கிறதால, மேல சொன்ன வோல்ட் கணக்கும் இதுக்குப் பொருந்தாது.

உண்மையைச் சொல்லணும்னா, ஒரு ராத்திரி ட்ரிப்புக்கு இவ்வளவும் தேவையே இல்ல. வீட்டுலயே சார்ஜ் பண்ண ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் போதும். வண்டி பேட்டரியைத் தொடவே வேண்டாம். ரெண்டு மூணு நாள் வேன்லயே வாழுறவங்களுக்குத்தான் ரெண்டாவது பேட்டரி.

போலீஸ் அண்ணன் கேட்டா என்ன சொல்றதுன்னும் தெரிஞ்சுக்கங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை நாம இஷ்டத்துக்கு மாத்துறதை அனுமதிக்காது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதியா சொல்லிடுச்சு. ஸ்டீரியோ போடுறது வேற, கூரையை வெட்டுறது, பாடியை மாத்துறது வேற. எங்க பலகையும் மெத்தையும் கழட்டி எடுக்குற மாதிரிதான் இருந்தது. சீட்டைக் கழட்டினதுக்கே ஒரு செக்போஸ்ட்ல அரை மணி நேரம் நின்னு பதில் சொல்லியிருக்கோம். எதுவா இருந்தாலும் ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுட்டுக் கையை வைங்க. அப்புறம் ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 வரைக்கும் பொது இடத்துல ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கு, 2000-ல வந்த ஒலி மாசு விதிகள்படி. காட்டுக்குள்ள எந்த நேரமா இருந்தாலும் வாயை மூடிட்டு இருக்குறது உத்தமம். அங்க நாம விருந்தாளி.

அந்த ஆம்னியைக் கம்பெனி 2019-லயே தயாரிக்கிறதை நிறுத்திடுச்சு. எங்களோடது இன்னும் ஓடுது. லாரி அண்ணன் பேரைக்கூட அன்னைக்குக் கேட்டு வெச்சுக்கல. அவர் கொடுத்துட்டுப் போன ரெண்டு அன்னாசிப்பழம் மட்டும் நாமக்கல் பட்டறையில அறுபட்டது. எலக்ட்ரீஷியன் அண்ணன் கூலி வாங்கினார். யோசனைக்குக் காசு வாங்கல.

இப்ப ட்ரிப் போனா ஸ்டீரியோ பக்கம் என்னை விடுறதே இல்ல. டாகிள் சுவிட்சுக்குப் பொறுப்பு அன்னைக்கு மூச்சு வாங்கினவன்தான். ரெண்டு இன்ஹேலர் பாக்கெட்ல, கண்ணு வோல்ட் மீட்டர்ல. 12.2 தொட்டுச்சுன்னா பல்லவி, சரணம்லாம் பார்க்க மாட்டான். பாதியில ஆஃப். கெஞ்சினாலும் போடுறதில்ல.